அம்மன் கேட்ட தண்ணீர்

தாயை நம்பி வாழும் என் சொந்தங்களே, ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கஸ்தூரி எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். போன ஆடிக்கு முன்னால் என்னைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்கள். அவர் தோல் வெட்டும் பிரிவு, நான் தையல். ஒருநாள் அவர் கையிலிருந்து கத்தி நழுவியது. பிறகு கால் பின்னியது, பேச்சு குழறியது. இயக்க நரம்பு நோய், கை காலை அசைக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துபோகும் என்றார்கள். குணமாக்க மருந்தில்லை என்றார்கள். அதையும் தாங்கிக்கொண்டோம். ஆனால் புதிதாக ஒன்று சேர்ந்தது. எழுப்பி உட்கார வைத்தாலே முகம் வெளுத்து, கண் செருகி, மயங்கிவிடுவார். இதயமும் போய்விட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"என்ன எழுப்பாத கஸ்தூரி. படுத்தே போய்ட்றேன்" என்றார். நான் உடைந்துபோனேன்.

அம்மனிடம் சண்டையே போட்டேன். "அவர நடக்க வைன்னு கேக்கல தாயே. என் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சாப்பிட வை. அதுகூடவா உன்னால முடியாது?"

ஆடியில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி, சக்கர நாற்காலியைச் சாய்த்துவைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தீபாராதனை நேரம், பம்பை முழங்குகிறது. சாமியைப் பார்க்கட்டும் என்று நாலு பேர் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். உடம்பு ஆடியது, கண் மேலே போனது.

"ஏழுமலைக்கு சாமி வந்துடுச்சு!" ஒரே கூச்சல். பூசாரி அண்ணன் வேப்பிலையோடு ஓடிவந்தார். "தாயே, இன்னா வேணும் சொல்லு!"

இவர் குழறலாக, "தண்ணி..." என்றார். அவ்வளவுதான். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் இறங்கியது.

"ஐயோ, சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, கீழ படுக்க வைங்க!" என்று கத்தினேன். படுக்க வைத்ததும் கண் திறந்தார்.

கூழ் ஊற்ற வந்திருந்த பூசாரியின் மகள் வேலூரில் நர்ஸ். நாடி பிடித்துப் பார்த்தாள். "அத்த, படுத்தா தெளியுது, நிமிர்ந்தா மயக்கம் வருது. இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கை கால் பத்திதாம்மா சொன்னோம். இது பலவீனம்னு உட்டுட்டோம்."

"நாளைக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள்.

டாக்டர் படுக்க வைத்து ஒருமுறை, உட்கார வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். உட்கார்ந்ததும் சரசரவென்று இறங்கியது. ரத்த அழுத்தம், வியர்வை என்று தானாக நடக்கும் வேலைகளைப் பார்க்கும் நரம்புகளையும் இந்த நோய் சிலருக்குத் தொடுமாம். போதாததற்கு, பல வருஷமாகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரை வேறு அதை இன்னும் இறக்கியிருக்கிறது. இதயத்துக்கு ஒன்றும் இல்லை! மாத்திரையை நிறுத்தினார். காலுக்கு இறுக்கமான உறை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்த்த வேண்டும் என்றார். கடைசியாக, "தண்ணி நிறைய குடிக்கணும்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இவருக்கோ சிரிப்பு.

நோய் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சில வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு கம்மி என்று குறைகூடச் சொன்னார். நான் அழுதுகொண்டே உப்பு எடுத்துவந்தேன்.

இந்த ஆடிக்குக் கோயில் வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் கையோடு கை சேர்த்துக் கூழ் ஊற்றினார். பூசாரி அண்ணன் சும்மா இருப்பாரா? "இன்னா ஏழுமல, இந்த வருஷம் குறி கிடையாதா?"

"இருக்குதே. எல்லாரும் தண்ணி குடிங்க!" என்றார் இவர். கோயிலே சிரித்தது.

சொந்தங்களே, தாயிடம் அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள். அவளிடம் சொன்னதை டாக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் ஒரு வாய்ச் சோறுதான் கேட்டேன். ஊருக்கே கூழ் ஊற்ற வைத்துவிட்டாள்.