அமல்ராஜ் பார்த்த வேலைகள்

கொடைரோட்டில் ரயிலுக்காக நின்றபோது பக்கத்தில் ஒருவர் மல்லிகை மூட்டையை இறக்கி வைத்தார். ஈரச் சாக்கும் பூவும் கலந்த அந்த வாசனையில் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு வேலையில்லாத் திண்டாட்டம் ஞாபகம் வந்தது. என் மூக்கு அப்படி.

தொண்ணூறுகளில் நானும் அமல்ராஜும் திண்டுக்கல்லில் பி.ஏ. பொருளாதாரம் படித்தோம். பருவகால வேலையின்மை, மறைமுக வேலையின்மை என்று வகை வகையாக ஒப்பித்துத் தேறினோம். பிறகு நான் மாமனாரின் அரிசிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தேன். அதற்கும் பாடத்தில் ஒரு வகை இருந்திருக்கும். ஊரில் மாப்பிள்ளை என்றார்கள்.

அமல்ராஜுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. சாணார்பட்டிப் பக்கம் அவர்களுக்குச் சின்னதாக ஒரு மல்லிகைத் தோட்டம். ஒருநாள் விடியக்காலையில் அங்கே போயிருந்தேன். அப்பா, அம்மா, அண்ணன், மதினி நாலு பேர் பறித்தாலே வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். ஆனாலும் அவன் அம்மா ஓரத்து வரிசையில் கை வைக்கவே இல்லை.

"அது எம் மவனுக்கு, அப்பு," என்றார் என்னிடம்.

அமல்ராஜ் கூடையோடு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "தேவைக்கு மேல ஆளு நின்னா மறைமுக வேலையின்மைன்னு படிச்சமே, அது யாருன்னு பாத்தியா? நாந்தேன்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பனிக்காலத்தில் பூ குறைந்ததும் அந்த ஒரு வரிசையும் போயிற்று. ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் சேர்ந்தான். கல்யாணம் ஆயிற்று. தலைமுடியில் பஞ்சோடு கடைக்கு வருவான், டீ குடிப்போம். அவனுக்கு நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு மில்லை மூடினார்கள். மூடிய மில்லுக்குக் காவலாளி வேண்டுமென்று அவனையே வைத்துக்கொண்டார்கள். தான் ஓட்டிய மிஷின்களை லாரியில் ஏற்றிப் போனபோது கேட்டைத் திறந்துவிட்டதும் அவன்தான்.

கடைசியில் கட்டடத்தையும் இடித்தார்கள். சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். காக்கிச் சட்டையோடு, சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்து, கேட் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, இங்க என்னடா பண்ற?"

"வேலைக்கு வந்திருக்கேன்."

"என்னடா வேலை? இங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"எம் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாதுடா. காலையில சோறு கட்டிக் குடுத்துர்றா. செத்த நேரம் உக்காரு, சேந்து சாப்பிடுவோம்."

கத்தரிக்காய் வெஞ்சனம். பாதியை எனக்கு வைத்தான். கடையில் வந்து இருடா என்றேன்.

"ஒங் கடையில நீயே சும்மாதான உக்காந்திருக்க," என்றான்.

தூக்கைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

அடுத்து நான் விசாரித்தபோது குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான் என்றார்கள். எந்தத் தெரு, எந்தக் கம்பெனி, அவன் அண்ணனுக்கே தெரியவில்லை. அவன் அப்பாவும் அம்மாவும் காலமானார்கள்; தோட்டம் மனைகளாகி, விற்றும் தீர்ந்தது. மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். வாசலில் வடநாட்டுப் பையன் ஒருவன் காவலுக்கு நிற்கிறான். அமல்ராஜ் என்று ஒருவன் எப்போதாவது இங்கே வந்தானா என்று கேட்க ஒருமுறை வண்டியை நிறுத்தினேன். எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் கிளம்பி வந்துவிட்டேன்.