இடது காதுக்கு அந்தப் பக்கம்

எங்கள் காட்டுப்பாக்கம் ப்ளாட்ஸில் மூன்றாம் மாடி அம்மா யாரையும் நேராகப் பார்க்க மாட்டார். பேசும்போது அவர் பார்வை நம் இடது காதுக்கு அந்தப் பக்கம் நிற்கும். பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அன்று இருட்டிய பிறகு மொட்டை மாடியில், என் புது டெலஸ்கோப்பைத் தென்திசையில் ஒரு நட்சத்திரக் கொத்தின் பக்கம் திருப்பியிருந்தேன். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் என்று படித்திருந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு பஞ்சுத் துணுக்கு. லென்ஸைத் துடைத்தேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், கடைசியில் கண்ணையே துடைத்தேன். பஞ்சு போகவில்லை. கண்புரைதான் என்று முடிவுகட்டி, ஆபரேஷனுக்கு யார் கூட வருவார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

காய்ந்த துணி எடுக்க அந்த அம்மா வந்தார். “கொஞ்சம் பாருங்கம்மா, என் கண்ணு போச்சு” என்றேன்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார். “இன்னா சார், ரவைய கொட்டினாப்ல அவ்ளோ கீது!”

“எனக்குப் பஞ்சுதான் தெரியுது!”

“மொறச்சிகினு பாத்தா அப்டித்தான். கொஞ்சம் அப்பால பாரு சார்.”

மறுபடி டெலஸ்கோப்பில் குனிந்து, கொத்தை விட்டுப் பக்கத்து இருட்டைப் பார்த்தேன். ஓரக்கண்ணில் பஞ்சு பொடிப்பொடியாகப் பிரிந்து மின்னியது. “கண்ணு இருக்கு! கண்ணு இருக்கு!” என்று நான் கத்தியதில் தெருநாய் குரைத்தது.

மறுநாள் லிப்டில், “கண்ணு எப்டி சார் கீது?” என்று என் இடது காதை விசாரித்தார்.

இந்தமுறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். இத்தனை நாளாக இவர் என்னை ஒரு பொடி விடாமல் பார்த்திருக்கிறார் போலிருக்கிறதே!