சுந்தரராஜ் நட்ட வேலி

தூத்துக்குடியில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் உப்போடு மல்லுக்கட்ட வேண்டும். ஊருக்குத் தெற்கே புதிதாக வந்த காலனிக்காரர்களுக்கு இது தெரியவில்லை. பூங்காவுக்கென்று விட்டிருந்த பொட்டலில் நூறு கன்று நட்டு, போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீரையே இறைத்தார்கள். நூறும் கருகின. அடுத்த வருஷம் மறுபடியும் நூறு. படித்தவர்கள் என்றால் முட்டாள்தனத்துக்கும் ஒரு கமிட்டி வைத்துக்கொள்வார்கள்.

கமிட்டிச் செயலாளர் ஜெயசிங், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொட்டலை ஒட்டிய உப்பளத் தெருவில்தான் சுந்தரராஜின் வீடு. ஒருநாள் வேடிக்கை பார்த்து நின்றவர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தண்ணிய ஊத்துனா இங்கன உப்புதான் விளையும். முப்பது வருஷமா அளத்துல நான் அதத்தான் செய்யுதேன்."

"அப்போ நீரே செஞ்சு காட்டும்வே," என்றார் ஜெயசிங்.

செய்து காட்டினார். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் பொட்டலை உப்புப் பாத்தி போலவே வரப்புக் கட்டிப் பிரித்தார். அளத்தில் தண்ணீரைக் காயவிட்டு உப்பை எடுப்பார்கள். இங்கே அதற்குத் தலைகீழ். மழைத் தண்ணீரைத் தேக்கி, மண்ணிலுள்ள உப்பை அதில் கரையவிட்டு, மடையைத் திறந்து ஓடையில் தள்ளினார். மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்புவார், மறுபடி மடையை அடைப்பார். இப்படி மூன்று மழைக்காலம். கோடைக்கு ஆற்றுத் தண்ணீர் லாரி வரவழைத்தது ஜெயசிங். அதையும் சொல்லத்தான் வேண்டும். நாலாவது வருஷம் புல் பிடித்தது. வேம்பும் புங்கையும் நிமிர்ந்தன. சுந்தரராஜுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவருக்கு வேண்டியது வேறு. அவர் மனைவி சந்தனச்செல்விக்கும் உப்பளத்தில்தான் வேலை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் இறங்குவாள். "ஆத்தாடி, என்னா சுகம்!" என்று சிரிப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்துச் சுந்தரராஜ் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொட்டலைக் கழுவலாம் என்று தோன்றும். ஜெயசிங்கும் பிளாஸ்க்கில் சுக்குக்காபியோடு வந்து அதே பெஞ்சில் உட்காருவார். மூடியில் ஊற்றி முதல் காபியைச் சுந்தரராஜிடம்தான் நீட்டுவார். இந்த வயதில் இப்படி ஒரு கூட்டாளியா என்று சுந்தரராஜுக்கு உள்ளூரப் பெருமை.

பிறகு ஆடுகள் வந்தன. கன்றுகளைக் கடித்தன. சுற்றிலும் உயிர்வேலி போடலாம் என்றார் ஜெயசிங். சுந்தரராஜ் கொடுக்காப்புளி விதை சேர்த்து, நெருக்கி நட்டார். உப்பளத் தெருப் பக்கம் மட்டும் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டார்.

"அதையும் அடைச்சிரும்வே. ஆடே அந்த வழியாத்தான வருது? காலனிப் பக்கம் கேட் போடுதோம். உமக்கு இல்லாத வழியா?"

சுந்தரராஜ் அதையும் அடைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். ஒன்றரை வருஷத்தில் எலி நுழையவும் வழியில்லாமல் முள் அடர்ந்தது.

போன சித்திரையில் கேட் வந்தது, காவலாளி வந்தான், 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று போர்டு வந்தது. திறப்பு விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் இருவரும் காலனியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பழக்கதோஷத்தில் சந்தனச்செல்வி கேட் அருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"வீட்டு நம்பர் சொல்லுங்க," என்றான் காவலாளி.

"நான் உப்பளத் தெரு. அன்னா பெஞ்சுல இருக்காரே, ஜெயசிங் அண்ணாச்சி, அவரக் கேளுங்க."

பெஞ்சு இருபதடி தூரம்கூட இல்லை. ஜெயசிங்கைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி அங்கிருந்தே குரல் கொடுத்தான். ஜெயசிங் திரும்பினார். நன்றாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி, "யாரு இவங்க?" என்று கேட்டாள்.

"தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த ஆளு," என்றார் ஜெயசிங். பிறகு காவலாளியிடம், "வேலை இருந்தா காலையில வரச் சொல்லுப்பா," என்றார்.

வெளியே நிறுத்தியதைக்கூடச் சுந்தரராஜ் தாங்கியிருப்பார். கமிட்டி, சட்டம், ஏதோ ஒன்று என்று மனதைத் தேற்றியிருப்பார். ஆனால் 'கூலி' என்ற அந்த ஒரு சொல், மூன்று மழைக்காலத்தையும் அந்தப் பெஞ்சையும் ஒரே வாரலில் வாரிக் குப்பையில் கொட்டியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஜெயசிங்கை 'அண்ணாச்சி' என்ற சொல் இல்லாமல் கூப்பிட்டதில்லை அவர்.

"ஏலே ஜெயசிங்! எனக்கு எந்தக் கையாலலே கூலி குடுத்த? அந்தக் கையத் தூக்கு, பாப்போம்!"

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஜெயசிங்கின் கையைப் பார்த்தார்கள். கையில் பிளாஸ்க் மூடி இருந்தது. அவர் அதைத் தூக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. காபி அவர் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது.

"குடிச்சிட்டு வந்திருக்கான்," என்றார் கடைசியில், பக்கத்து அம்மாளிடம்.

வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டறியாதவர் சுந்தரராஜ். சந்தனச்செல்விதான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் பார்வை புல்மேல் ஒரு கணம் நின்றது.

"வாங்க போவோம்," என்றாள். "நல்லா வளத்திருக்கீய."