துளியும் பால் இல்லை

எதையும் நம்பி ஐயாசாமிக்குப் பழக்கமில்லை. பால்காரர் வந்தால் நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சாயம் போகாது என்று துணிக்கடைக்காரர் சொன்னால் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணே சுட்ட பலகாரம் என்று தட்டை நீட்டியபோது, அடுப்பில் சூடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். அந்தப் பெண்தான் அவர் மனைவி சாந்தாமணி. இத்தனை வருஷமாகியும் அதைச் சொல்லிக் காட்டாமல் அந்த அம்மாள் ஒரு பலகாரமும் சுட்டதில்லை.

சூலூர்ப் பக்கம் தறிக்குடோன்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை. பிறகு கோயமுத்தூரில் ஓர் அச்சகத்தின் மாடியில் மேசை போட்டு, மிட்டாய், நெய், கடலை உருண்டை என்று உறை வரைந்தே காலத்தை ஓட்டினார். அவர் வரைகிற பசு பேர் போனது. ஆனால் பண்டத்தைத் தின்னாமல், செய்கிற இடத்தையும் கண்ணால் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டார். உறையில் இருப்பது பொய்யானால் எழுதிய கைக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றேழில் வெங்கடபதி வந்தார். ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ போட்டிருக்கிறவர். சூலூரில் ஒரு ஷெட் பிடித்து சாக்லேட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு வேண்டாமுங்க. பால் டம்ளரும் வேண்டாமுங்க. 'துளியும் பால் இல்லை'ன்னு பெருசா எழுதிப்போடுங்க."

ஐயாசாமிக்குச் சுருக்கென்றது. பாலே ஊற்றாதவன்கூட மாட்டைப் போடச் சொல்லிக் கெஞ்சுகிற ஊர் இது. என்னத்தைக் கலக்கிறான் இந்த மனுஷன்?

"பாலுக்குப் பதிலா என்னத்தப் போடறீங்க?"

"முந்திரி அரைச்ச விழுதுங்க." வெங்கடபதி தயங்கினார். "எம் பொண்ணு சாய்ப்ரியாவுக்கு அஞ்சு வயசுங்க. ஒரு வாய் பால் பட்டாப் போதும், உதடு வீங்கி மூச்சடைச்சுக்குது. மத்த குழந்தைங்க சாக்லேட் தின்னா இவ பாத்துக்கிட்டே நிக்கறா. இந்த மாதிரி இன்னும் குழந்தைங்க இருக்குதுன்னு டாக்டர் சொன்னாருங்க. அதான் ஆரம்பிச்சேன். ஆனா இதைத் தின்னும் சில வாட்டி அவளுக்கு உதடு தடிச்சுப்போகுதுங்க. கொக்கோவே ஆகலையோ என்னமோ. கடைக்கு அனுப்பறதா, எல்லாத்தையும் மூடிப்போடறதான்னு தெரியலைங்க."

"எந்தக் கிழமைல தடிக்குது?"

"சனிக்கிழமைங்க. வெள்ளிக்கிழமை செஞ்சதத்தான் அன்னிக்குக் குடுப்போம்."

"மத்த நாள் செஞ்சதுக்கு?"

வெங்கடபதி யோசித்தார். "இல்லீங்க."

கொக்கோவுக்குக் கிழமை தெரியுமா? ஐயாசாமி தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சூலூருக்கு பஸ் ஏறினார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் சாக்கு மூட்டைகளை முகர்ந்தார், முந்திரி விழுதை நக்கிப் பார்த்தார். எங்கேயோ பால் பவுடர் மூட்டை ஒளிந்திருக்கிறது என்றுதான் அவருக்கு எண்ணம். இந்த ஆள் பெற்ற பிள்ளைக்கே பொய் சொல்கிறானோ என்றுகூடத் தோன்றியது.

கொப்பரைப் பக்கம் பழனாத்தாள் நின்றிருந்தார். சாக்லேட் கிண்டுகிறவர் அவர்தான். சாய்ப்ரியாவைத் தூக்கி வளர்த்தவரும் அவரே. கொப்பரைக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சூடம் காட்டினார். பிறகு ஒரு சின்னத் தூக்குப்போசியைத் திறந்து, கரண்டியில் எதையோ மொண்டு ஊற்றினார்.

"அதென்னங்க அம்மணி?"

பழனாத்தாள் ஒளிக்கவில்லை. "பாலுங்க. புது ஊட்டுக்குப் போனா பால் காய்ச்சறமில்லீங்களா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் கொப்பரைய அடுப்புல ஏத்தலாமுங்களா? ஒரே கரண்டிதான், அதுவும் சாமிக்கு. பாப்பாவோட சீக்கு தீரோணும்னு வேண்டிக்கிட்டு ஊத்தறனுங்க."

திருடனைப் பிடிக்க வந்த ஐயாசாமிக்குத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

"அந்தக் கரண்டிதானுங்க பாப்பா உதட்டை வீங்க வெக்குது" என்றார்.

"நானுங்களா?" என்று கேட்டுவிட்டு பழனாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்கடபதி வந்து கொப்பரையைக் கவிழ்க்கும்வரை எழவில்லை.

சில வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. கொப்பரைக்கு மஞ்சளும் பொட்டும் மட்டும்தான். சாய்ப்ரியாவின் உதடு தடிக்கவே இல்லை என்று வெங்கடபதி வந்து சொன்ன பிறகுதான் ஐயாசாமி தூரிகையைத் தொட்டார். கொக்கோ நிறத்தில் உறை, உள்ளே வெள்ளித்தாள், மாடு நிற்க வேண்டிய இடத்தில் வாயெல்லாம் சாக்லேட் அப்பிய ஒரு சிறுமி. அச்சான முதல் உறையை அவரே சூலூருக்கு எடுத்துப் போனார்.

வாசலில் பழனாத்தாள் மறித்தார். "கையக் காட்டுங்க."

காட்டினார். பழனாத்தாள் முகர்ந்து பார்த்தார்.

"டீ குடிச்சீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு..."

"அப்ப அங்கயே நில்லுங்க. மொதலாளியவே வாய் கொப்புளிக்காம நான் உள்ள உடறதில்லீங்க."

உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து தெரியாது. "இதுல எதுங்க பால் இல்லைங்கறது?"

ஐயாசாமி வெளியே நின்றபடியே விரலை நீட்டிக் காட்டினார். பழனாத்தாள் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"நெசந்தானுங்களா இது?"

"நீங்க சொன்னாத்தானுங்க நெசம்."

பழனாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஐயாசாமிக்குத் தோன்றவில்லை.