ஓட்டைக் காலணாவும் என் பாத்ரூம் தாழ்ப்பாளும்

செம்பாக்கத்தில் என் எதிர்வீட்டு லாசரஸ், பள்ளிக்கூட வாத்தியார். பழைய காசு பார்ப்பதற்கென்றே ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். எறும்புக்குச் சொத்தைப்பல் இருந்தால்கூட அதில் தெரிந்துவிடும்.

போன மாதம் தச்சர் ஜெயவேலுவின் ஆணி டப்பாவில் அவருக்கு ஓர் ஓட்டைக் காலணா கிடைத்தது. வருஷம் 1944. கடைசி 4-க்கு அடியில் ஒரு 3-இன் தொப்பை எட்டிப் பார்த்தது. முந்தின வருஷத்து அச்சின் மேலேயே புது எண்ணைக் குத்தியிருக்கிறார்கள், அபூர்வமான காசு என்று வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"குடுங்க, புளி போட்டுத் தேச்சா பளிச்சுனு தெரியும்" என்றார் அவர் மனைவி அமலராணி அக்கா. தேய்த்தால் அந்தத் தொப்பை போய்விடுமே! அன்றிலிருந்து காசும் வாத்தியாரும் சேர்ந்தேதான் தூங்குகிறார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் நாணயச் சங்கத்து ஸ்ரீநிவாசராகவன் சார் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கீறல்னா பள்ளமா இருக்கும். இது மேடா இருக்கு, நல்ல அடையாளம்தான். ஆனா ஒத்தைக் காசை நம்பி எழுத முடியாது சார். அதே அச்சுல அடிச்ச இன்னொண்ணுலயும், அதே இடத்துல இது இருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க, உங்க பேரோட சங்கப் பத்திரிகைல போட்டுடலாம்."

லாசரஸ் ஜெயவேலுவிடம் ஓடினார்.

"அந்த டப்பால இன்னும் அஞ்சாறு இருந்துச்சு சார். ஓட்டை கீதேன்னு வாஷரா மாட்டிட்டேன். நான் வேலை செஞ்ச வூட்டுக் கதவுல போய்ப் பாரு."

வாத்தியார் ஸ்க்ரூ டிரைவரோடு நாலு வீடு ஏறி இறங்கினார். நாலு காலணா கிடைத்தது, ஒன்றிலும் தொப்பை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் என் வாசலில் நின்றார்.

"மச்சான், உன் பாத்ரூம் தாழ்ப்பாள் ஜெயவேலு போட்டதுதானே?"

"உள்ள என் பொண்டாட்டி குளிக்கிறா, லாசரஸு."

"பரவால்ல, வெயிட் பண்றேன்."

அவள் வந்ததும் தாழ்ப்பாளைக் கழற்றினார். பச்சை பூத்த காசு ஒன்று விழுந்தது. அதைத் தேய்க்காமல் தண்ணீரில் அலசி, லென்ஸை வைத்தார். தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு ரயில் போய்த் திரும்புகிற நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"அதே இடம், மச்சான்" என்றார்.

நானும் பார்த்தேன். என்னுடையதைப் போலவே, எதைப் போட்டாலும் மறைக்க முடியாத தொப்பை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநிவாசராகவன் சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லாசரஸ் பெயரை எழுதிக்கொண்டார்.

வாஷராக இருந்த காசு போனதால் என் தாழ்ப்பாள்தான் இன்னும் மாட்டாமல் கிடக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது குளிப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். நான் பாடினால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

"சுருதி சேரல மச்சான்."

"வாஷரைக் குடு, நிறுத்திடறேன்."

ஜன்னல் மூடிக்கொள்ளும்.