தண்ணீர் எடுக்க வந்த மேடம்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு குழாய் மண்ணுக்குள் வெகு ஆழம் இறங்கும். அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் முன்னால் கோணியை மடித்துப் போட்டு மண்டியிட்டிருந்த ஒரு பெண்ணின் முதுகுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வெளிறிய பருத்திப் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் மெல்லிய உறை. தலையில் ஒருநாளும் பூ இருந்ததில்லை. தெருவில் எல்லோரும் அவரை மேடம் என்றோம். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அதைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வராத அளவுக்குக் காலம் கடந்திருந்தது.

முதலியார்பேட்டையில் எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு தொழிற்சாலை இருந்தது. இரும்புச் சாமான்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஏதோ மருந்தில் கழுவுவார்கள். கழுவிய மருந்தைக் குழி வெட்டி ஊற்றியிருக்கிறார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு எங்கள் போர் தண்ணீரில் ஒரு தித்திப்பான வாசனை வரத் தொடங்கியது. அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். மண்ணைத் தோண்டித் தார்ப்பாய் மூடிய லாரிகளில் ஏற்றிப் போனார்கள். வேறு மண் கொட்டினார்கள். வருஷக்கணக்கில் ஒரு மோட்டார் ஓடி நிலத்தடித் தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்தது. கடைசியில் வாசலில் ஒரு பலகை வைத்து, இடம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். தெரு மூச்சு விட்டது. குடிக்க அரசாங்கக் குழாய்த் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் பழையபடி போர் என்று ஆனது. அந்த இடத்தைச் சுற்றி ஆங்காங்கே இறக்கியிருந்த கண்காணிப்புக் குழாய்களை எல்லோரும் மறந்துபோனார்கள். அவற்றில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க, அரசாங்க அலுவலகத்திலிருந்து மேடம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். முதலில் வெகுநேரம் தண்ணீரை இறைப்பார். இறைத்ததை எங்கள் மண்ணில் ஒரு சொட்டுகூட விடாமல் கேனில் பிடித்துக்கொள்வார். "குழாய்க்குள்ள நிக்கிறது பழைய தண்ணி அக்கா. அது பழைய சேதி. மண்ணுலேர்ந்து இப்ப ஊறி வருது பாருங்க, அதுதான் இன்னைக்கிச் சேதி" என்பார். பிறகு விரல் நீளமே இருக்கும் கண்ணாடிக் குப்பியை விளிம்பு வழிய நிரப்பி, மூடி, தலைகீழாகத் திருப்பி விரலால் தட்டுவார். உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரிந்தால் போயிற்று; மருந்து தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குள் போய்விடுமாம். வேறு குப்பி எடுப்பார்.

என் கணவருக்கு அத்தர் வியாபாரம். முதல்முறை மேடம் வந்தபோது இவர் ஆர்வமாய்ப் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிமிர்ந்து, "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாசனை தண்ணில ஏறிடும். கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?" என்றார். இவருக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் அடுத்த முறையிலிருந்து மேடம் வரும் நாளில் அத்தர் தொடாமல் குளித்து, வெறும் லுங்கியோடு வாசல் பக்கமே உட்கார்ந்திருப்பார். "அந்தம்மாவும் இதனாலதான் பூ வைக்கிறதில்லையாம்" என்று என்னிடம் மரியாதையோடு சொன்னார். நெல்லித்தோப்பில் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்த பெண் அவர். மல்லிகை என்றால் உயிர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

வருஷம் போகப் போகத் தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த அம்மா ஜீப்பில், குப்பிகள் வைக்கும் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினால் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றார்கள். எங்களோடு இருந்த என் கொழுந்தனார் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"சுத்தம்னு போர்டு வச்சாச்சில்ல? இன்னும் இன்னாத்துக்கு வந்துட்டே இருக்கீங்க?"

மேடம் கோபப்படவில்லை. "தண்ணி மண்ணுக்குள்ள மெதுவா நடக்கும் தம்பி. நாம மறந்ததுக்கப்புறந்தான் அது வந்து சேரும்" என்று சொல்லிவிட்டுக் குழாய் மூடியைத் துடைத்துப் பூட்டினார்.

அந்த வருஷம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். ஆவணியில் மேடம் வந்து வழக்கம்போல் தண்ணீர் எடுத்துப் போனார். புரட்டாசி பிறந்து சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீப் இல்லாமல், பெட்டி இல்லாமல், பஸ்ஸில் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, உங்க பொண்ணு எதுல குளிக்கிறா?"

"போர் தண்ணிதான். ஏன் மேடம்?"

"வேணாம். இன்னையிலேர்ந்து வேணாம். மோட்டாரை நிறுத்திடுங்க. உங்க குழாய்ல பழைய மருந்து திரும்பத் தெரியுது."

கொழுந்தனார் உள்ளேயிருந்து வந்தார். "அதெப்படி? கையில ஆர்டர் எதாவது இருக்கா?"

"இன்னும் இல்ல. இன்னொரு தடவ எடுத்துப் பாத்துட்டுத்தான் எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க. அதுக்கு நாளாவும். வயித்துப் புள்ளக்காரி அதுவரைக்கும் அந்தத் தண்ணில குளிக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு, அந்த வரிசையில் போர் வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் அவரே ஏறி இறங்கினார். சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வாரமே முறைப்படி மறுபடியும் தண்ணீர் எடுத்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை. முன்பு போலவே சுத்தம் என்று முடிவு வந்தது. தெரு கொதித்தது. பொய் சொல்லிப் பயமுறுத்திவிட்டாள் என்று மனு எழுதினார்கள். உறுதியாவதற்கு முன் மக்களிடம் ஏன் சொன்னீர்கள் என்று ஆபீஸில் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்; அவர் சொல்லவில்லை, ஜீப் டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. என் கணவர்தான், "அந்தம்மா ஒரு குமிழிக்கே குப்பிய மாத்துறவங்க. சும்மா சொல்ல மாட்டாங்க" என்று மோட்டார் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார். கொழுந்தனார் முனகிக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் தினமும் விடிந்ததும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அண்ணன் மகள் குளிக்க நிரப்பி வைத்தவர் அவர்தான்.

மேடம் ஒரு மாலை வந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார். கொல்லையில் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூடியையே பார்த்தபடி சொன்னார். "ரெண்டு தடவையும் நாந்தான் எடுத்தேன். ரெண்டும் சரியாத்தான் எடுத்தேன். நடுவுல என்னமோ மாறியிருக்கு அக்கா. ஆவணியில நான் எடுத்த அன்னைக்கி இங்க வேற என்ன நடந்துது? எதுவானாலும் சொல்லுங்க."

நான் யோசித்தேன். அன்றைக்கு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழாமல், இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தது நினைவுக்கு வந்தது. "மேளச் சத்தம் மேடம். அடுத்த தெரு மண்டபத்துல கல்யாணம். அந்த வாரம் பூரா கல்யாணந்தான், தூங்கவே முடியல."

மேடம் டீயைக் கீழே வைத்தார். "அப்புறம் புரட்டாசி. கல்யாணம் இல்ல. மண்டபம் பூட்டியிருக்கும்" என்றார் தனக்குத்தானே. எழுந்து செருப்பை மாட்டியவர், அப்படியே அடுத்த தெருவுக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.

அந்த மண்டபத்தின் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அவருக்குச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். கேட்டதும் பெருமையாகச் சொன்னார்: "ஆமா, கோடைல புது போர் போட்டேன். நல்ல ஆழம். கல்யாணம்னா ராவும் பகலும் ஓடும், தண்ணி கொறையவே கொறையாது." மேடம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெரிய மோட்டார் ஓடும்போது, தொழிற்சாலை மனையில் எங்கேயோ மிச்சம் கிடக்கிற மருந்தை எங்கள் வீட்டுக்கு அடியாக இழுக்கிறது. நின்றால் அது பின்வாங்கிவிடுகிறது. சொல்தா முகம் சிவந்து, "மண்டபத்த மூடச் சொல்றியாம்மா?" என்றார். "இல்லங்க. அடுத்த கல்யாணத்துல நான் தண்ணி எடுத்துக்கிறேன். அதுல ஒண்ணும் இல்லன்னா நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்" என்றார் மேடம்.

ஐப்பசியில், தீபாவளி கழிந்து முதல் முகூர்த்தம். மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்க, எங்கள் கொல்லையில் மேடம் கோணியில் மண்டியிட்டார். இந்த முறை தெருவே எங்கள் வீட்டுச் சந்தில் எட்டிப் பார்த்தது. முடிவு வந்தபோது, ஆவணியில் கண்டதைவிட மருந்து கூடுதலாகவே இருந்தது.

அதற்குப் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. மனையின் மூலையில் காவலாளி அறைக்கு அடியில் மட்டும் முதல்முறை தோண்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அறையை இடித்து மண்ணை அள்ளினார்கள். சொல்தா யாரும் வற்புறுத்தாமலே போரை மூடி, கல்யாணங்களுக்கு டேங்கர் தண்ணீர் வரவழைத்தார். எல்லாப் போரும் நின்றன. மேடம் மாதாமாதம் வந்தார். குழாய்கள் திரும்பச் சுத்தமாகிவிட்டன என்று எழுத்தில் வந்த பிறகும் வந்துகொண்டிருந்தார்; வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை வந்தார். கடைசி முறை எல்லாக் குப்பியையும் பெட்டியில் வைத்து மூடியபின், என் மகள் அவர் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டாள். என் கணவர் இவ்வளவு காலம் தள்ளி நின்றதற்கெல்லாம் சேர்த்து, தன் கடையிலேயே உசத்தியான அத்தரை அவர் மணிக்கட்டில் தடவினார். ஜீப் போன பிறகும் சந்தில் அந்த வாசனை நின்றது.

மகளுக்கு அந்த வருஷக் கார்த்திகையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தண்ணீரிலேயே குளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். மேடமும் எதையும் தடுத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வேலைக்கே உலை வைக்கக்கூடிய ஒரு சேதியைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறி வந்தார். நமக்கென்று ஒருவர் அப்படி வருவார் என்பதை நாங்கள் அன்றைக்கு வரை எதிர்பார்த்ததே இல்லை. தொழுகையில் என் பிள்ளைகளுக்காகக் கையேந்தும்போது அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அந்தப் பேத்தியை அழைத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனேன். மேடம் இப்போது அங்கே தம்பி வீட்டில் இருக்கிறார். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கைத்தடி வைத்து நடக்கிறார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார்.

"இப்ப யாரு வர்றாங்க தண்ணி எடுக்க?"

"ஒரு பொண்ணு வருது மேடம்."

"விடாம வருதா?"

"வருது. போன மழையில தெருவெல்லாம் தண்ணி நின்னுது. அப்பவும் வந்துச்சு."

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தியிடம் குனிந்தார்.

"வா கண்ணு. அன்னைக்கி வயித்துல இருந்தது நீதானா?"