அம்புக்குறி காட்டாத பக்கம்

சுனாமி வந்து ஏழெட்டு வருடம் கழிந்த நேரம். குவைத்திலிருந்து விடுப்பில் இராஜாக்கமங்கலம் வந்திருந்தேன். கடலுக்குப் போகும் என் நண்பன், நான் முன்பு பலமுறை ஏறியிருந்த மருந்துவாழ்மலை உச்சிக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னான். அந்த மலையை அடையாளம் பார்த்துத்தான் அவன் கடலில் மீன் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான்.

"மக்கா, அங்க நின்னு நம்ம கடலை ஒருக்கா பாக்கணும்."

வழி நெடுகப் பாறைகளில் வெள்ளை அம்புக்குறி போட்டிருந்தார்கள். பாதி மலையில் முன்னால் போன கூட்டம் மெதுவாக நகர்ந்தது. எனக்குப் பொறுமையில்லை. இடப்பக்கச் சரிவில் ஏறினேன்.

"அம்புக்குறி அந்தப் பக்கம்லா காட்டுது?"

"எனக்குத் தெரியாத மலையா? பேசாம வாலே."

அந்தச் சரிவில் நான் அதற்குமுன் கால் வைத்ததே இல்லை. பத்தடி ஏறியிருப்போம், அவன் மிதித்த கல் உருண்டது. கணுக்கால் முறிந்துவிட்டது. முன்னால் போன கூட்டம்தான் திரும்பி வந்து அவனைத் தூக்கி இறக்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அவன் மனைவி, "எப்பிடி விழுந்திய?" என்று அழுதாள்.

நான் வாய் திறக்குமுன் அவன் சொன்னான்: "நாந்தான் குறுக்கால ஏறினேன். இவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லவேள, அண்ணன் கூட இருந்திய."

நான் தலையாட்டினேன்.

மூன்று மாதம் அவன் கடலுக்குப் போகவில்லை. அந்த உச்சிக்கு இன்றுவரை போகவில்லை. ஒவ்வொரு விடுப்பிலும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். பொரித்த மீனில் பெரிய துண்டை அவள் என் தட்டில்தான் வைக்கிறாள். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, முள்ளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.